பின்வரிசையில் ரெண்டு ஆள்

நாக்பூர்,
9.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பெஞ்சமின் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் செண்பகமும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தான் இன்னும் ஸ்டூடியோவில் நின்றுகொண்டே சாப்பிடுகிறாரா?

கடிதத்தைப் பார்த்ததும் "இவனுக்கு என்ன கேடு, போன் இல்லையா" என்று திட்டுவாய். போனில் பேசினால் நாம் எங்கே போய் முடிவோம் என்று உனக்கே தெரியும். நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன், அப்புறம் மூன்று மாதம் பேச்சிருக்காது. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதற்காகத்தான் தபால்.

இங்கே வீடு கட்டி முடியப்போகிறது. ஜனவரியில் வீட்டுப் பிரதிஷ்டை ஜெபம் வைத்திருக்கிறோம். முன்னறையில் ஒரு சுவரைச் செண்பகம் காலியாக வைத்திருக்கிறாள். "உங்க வீட்டு ஆளுக படம் ஒண்ணுகூட நம்மகிட்ட இல்ல. மாமாவோட எழுபத்தஞ்சாவது பிறந்தநாளுக்குக் குற்றாலத்துல எல்லாரும் நின்னு எடுத்தாங்களே, அதுல நம்மளையும் சேர்த்து மதினிய ஒண்ணு செஞ்சு தரச் சொல்லுங்க" என்கிறாள். நாம் எங்கே நின்றோம், நம்மை யார் கூப்பிட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவள் என் வீட்டாரிடம் கேட்கிற முதல் காரியம் இது.

படத்தில் ஆளைச் சேர்க்கிற உன் வேலையைப் "பொய்ப் படம்" என்று ஒரு காலத்தில் நான் சொன்னது ஞாபகம் இருக்கிறது. எங்கள் ரயில்வே சிக்னல் பிரிவில் வரைபடத்தில் ஒரு புள்ளியை மாற்றினாலும் வேலை போய்விடும், அந்தப் புத்தியில் பேசிவிட்டேன். மன்னித்துக்கொள். எங்கள் இருவர் படமும் இத்துடன் இருக்கிறது.

அத்தானுக்கு என் ஸ்தோத்திரம்.

உன் தம்பி,
பெஞ்சமின்


தென்காசி,
21.6.2024

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எப்சிபா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். முழங்கால் அதுபாட்டுக்கு வலிக்கிறது, நான் என்பாட்டுக்கு நடக்கிறேன். அத்தான் இப்போது சாப்பிடுவதே இல்லை, டீயில் ஓடுகிறது வண்டி.

தபால்காரர் உன் கடிதத்தை நீட்டி, "என்னக்கா, கோர்ட்டு நோட்டீஸா?" என்று கேட்டார். இந்தக் காலத்தில் எவன் கடுதாசி போடுகிறான்? இருந்தாலும் உன் கையெழுத்தைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

சாரல் பிடித்துவிட்டது. ஐந்து நாளாக வெயில் தலைகாட்டவில்லை. குற்றாலத்தில் குளித்துவிட்டு வருகிற கூட்டம் நேரே நம் கடைக்குத்தான் வருகிறது. "பின்னால நிக்க ஆளுகள எடுத்துருங்க, நாங்க மட்டும் அருவில நிக்க மாதிரி போடுங்க" என்கிறார்கள். எண்ணெய் தேய்த்த ஒரு பெரியவரை மட்டும் நேற்று ஏழு பேர் படத்திலிருந்து எடுத்தேன். மனுஷர் காலையிலிருந்து அருவியைவிட்டு நகரவேயில்லை போல.

பொய்ப் படம் என்று சொன்னதற்கு எட்டு வருஷம் கழித்து மன்னிப்புக் கேட்கிறாய், ரொம்ப சீக்கிரம்! போன வாரம் செய்த ஒன்றைப் பார். கடையநல்லூர் பாத்திமுத்து அக்கா மகள் நிக்காஹ். மகன் சவூதியில் மாட்டிக்கொண்டான், லீவு கிடைக்கவில்லை. படம் எடுத்த முகம்மது ரபீக் விவரமான ஆள். தங்கச்சிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற இடத்தை விட்டே எடுத்திருக்கிறார். பையன் அங்கே சுவரோரம் நின்று எடுத்து அனுப்பினான். நான் சேர்த்தேன். பாத்திமுத்து அக்கா அதைப் பார்த்து, "ஏட்டி, எம்புள்ள வந்துட்டாம்ட்டி" என்று கடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் ஒரு பிரதி அனுப்புகிறேன். எங்கே ஒட்டியிருக்கிறேன் என்று உன் சிக்னல் கண்ணை வைத்துக் கண்டுபிடி பார்ப்போம்.

நீ கேட்ட படம் அவ்வளவு சரியாக வராது. வேறு ஏதாவது செய்து தருகிறேன். செண்பகவல்லியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
எப்சிபா


நாக்பூர்,
4.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் படமும் சேர்ந்தன. இங்கே மழை வருகிற மாதிரி வந்து ஏமாற்றுகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

அக்கா, நீ சாமானியப்பட்டவள் இல்லை. பாத்திமுத்து அக்கா மகனைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சவூதி வெயிலில் எடுத்த முகத்தில் கடையநல்லூர் பந்தல் நிழலை எப்படி விழ வைத்தாய்? தங்கச்சி முக்காட்டின் ஜரிகை வெளிச்சம் அவன் தாடையில்கூட லேசாகத் தெரிகிறது. செண்பகம் படத்தைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் காட்டிவிட்டு வந்தாள். "எங்க மதினி செஞ்சது" என்று சொன்னாளாம். உன்னை நேரில் பார்த்துப் பத்து வார்த்தை பேசியிருக்கமாட்டாள், பெருமையைப் பார்.

இது பொய்யா நிஜமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அவன் அன்றைக்கு அங்கே இல்லை, அது உண்மை. ஆனால் அவனுக்கு இடம் விட்டிருந்தார்கள், அதுவும் உண்மைதானே. நம் பக்கம் எல்லா வீட்டிலும் அதுதானே வழக்கம்? வர முடியாதவனுக்கு இடம் விட்டு எடுப்பார்கள். வேண்டாதவனுக்கு விடமாட்டார்கள்.

நம் படத்தில் இடம் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சரியாக வராது என்கிறாயா? இருந்தாலும் உன்னால் ஆகாததா? செண்பகத்திடம் நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். கொஞ்சம் பார்.

உன் தம்பி,
பெஞ்சமின்


தென்காசி,
18.8.2024

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் சுகம், உங்கள் சுகத்துக்கும் ஜெபம் பண்ணுகிறோம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. சீசன் கூட்டம். நடுவில் கம்ப்யூட்டர் ஒரு வாரம் படுத்துக்கொண்டது. அதற்கப்புறம் அத்தானுக்குச் சளி. இப்படி ஒன்று மாற்றி ஒன்று.

அந்தப் படம் வேண்டாம் என்று சொன்னேன் அல்லவா? அது மழை மேகத்தில் எடுத்தது, வெளிச்சம் மட்டம். உங்கள் படம் வேறு மாதிரி. சேர்த்தால் ஒட்டாது. அதற்குப் பதிலாக இத்துடன் வைத்திருப்பதைப் பார். அம்மா சாவதற்கு முந்தின வருஷம் என் வீட்டில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு நின்ற படத்திலிருந்து அம்மா. எழுபத்தைந்தாவது பிறந்தநாள் அன்று தனியாக எடுத்ததிலிருந்து அப்பா. நடுவில் பத்து வருஷம் இருக்கிறது. அம்மாவுக்கு அந்தப் பத்து வருஷத்தையும் நான்தான் கொடுத்தேன். நெற்றியோரம் நரை, கண்ணுக்குக் கீழே கொஞ்சம் சுருக்கம். இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று நினைத்து நினைத்துச் செய்தேன்.

இதைச் சுவரில் மாட்டு. பிரதிஷ்டைக்கு வருகிறவர்கள் பார்க்க இதுதான் லட்சணம்.

பொய், நிஜம் என்று பெரிய வக்கீல் மாதிரி எழுதியிருந்தாய். இருபது வருஷமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியாததா? ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துவதால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்து நான் பார்த்ததில்லை. மற்றபடி இதைப் பற்றி எழுத எனக்கு நேரமில்லை.

அன்புடன்,
எப்சிபா


நாக்பூர்,
1.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். அத்தானுக்குச் சளி விட்டதா?

அம்மாவைப் பார்த்தேன். அம்மா கிழவியானால் எப்படி இருப்பாள் என்று நான் யோசித்ததேயில்லை. நீ யோசித்திருக்கிறாய். அந்த இடது புருவத்தில் ஒரே ஒரு வெள்ளை முடி வைத்தாயே, அதைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். உனக்கு இருக்கிற கைக்கு, இந்த ஊரில் இருந்தால் பத்திரிகைக்காரர்கள் வாசலில் நிற்பார்கள். உண்மையாகச் சொல்கிறேன், என் அக்கா என்று சொல்லிக்கொள்ளப் பெருமையாக இருக்கிறது.

படத்தை மாட்டப் போகிறோம். ஆனால் நான் கேட்டது அது இல்லை. உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், அப்போது புரியும்.

2022 ஜூலையில் பிறந்தநாள் முடிந்து ஒரு வாரத்தில் அந்தப் படத்தை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினாய். அப்போது நான் வார்தா ஸ்டேஷனில் வேலையாக இருந்தேன். பிளாட்பாரத்தில் நின்றபடியே திறந்தேன். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வர இரண்டு டிக்கெட் போட்டு வைத்திருந்தேன், யாருக்கும் சொல்லவில்லை. அப்பா திட்டினாலும் பரவாயில்லை, நடையேற விடாவிட்டால் வாசலில் நின்றாவது பார்த்துவிட்டு வந்துவிடுவது என்று இருந்தோம். படத்தைப் பெரிதாக்கி முதலில் எதைத் தேடியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். பின்வரிசையில் நீ, உன் தோளோடு ஒட்டிச் சித்தி. ஒரு விரல்கடை இடம் இல்லை. ஊர் முழுக்க, நேற்றுப் பார்த்த சொந்தக்காரனுக்குக்கூட இடம் விடுகிறார்கள். அப்பா எனக்கு விடவில்லை.

சரி, அப்பா முடிவு பண்ணிவிட்டார் என்று டிக்கெட்டைக் கேன்சல் பண்ணினேன். அடுத்த மார்ச்சில் அப்பா போய்விட்டார். நான் வந்து சேர்ந்தபோது மண்ணைத்தான் பார்த்தேன்.

அப்பாமேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் இஷ்டம் இல்லாமல் கல்யாணம் பண்ணியவன் நான். நடுவில் நிற்கக் கேட்கவில்லை. ஓரத்தில் நிறுத்து, அக்கா. கடைசியில், தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தினால்கூடப் போதும். வெளிச்சம் ஒட்டாவிட்டால் ஒட்டாமலே இருக்கட்டும்.

உன் தம்பி,
பெஞ்சமின்


நாக்பூர்,
6.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதமாக உன் பதில் இல்லை. போன் போட்டாலும் எடுக்கவில்லை. உடம்புக்கு ஏதாவதா? நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? படம் முடியாவிட்டால் விட்டுவிடு, அது ஒரு பெரிய காரியமா? ஒரு வரி போடு.

உன் தம்பி,
பெஞ்சமின்


தென்காசி,
17.10.2024

அன்புள்ள பெஞ்சமினுக்கு,

அத்தான் பாக்கியநாதன் எழுதுவது. சுகம், சுகமறிய ஆவல்.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, உனக்குத் தெரியும். உன் அக்காவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் சரியாகச் சாப்பிடுவதில்லை. செப்டம்பரில் வந்த உன் கடிதத்தைக் கம்ப்யூட்டர் கீபோர்டுக்கு அடியில் வைத்திருக்கிறாள். எடுத்துப் படிப்பாள், திரும்ப வைப்பாள். போன வாரம் ஒருத்தர் தன் கல்யாணப் படத்தில் இருந்து அண்ணனை எடுத்துவிடச் சொல்லி வந்தார். "வேற கடைக்குப் போங்க"ன்னு எழுந்து உள்ளே போய்விட்டாள். இதுவரை ஒரு வேலையை அவள் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

நான் சொல்ல வேண்டிய விஷயமும் ஒன்று உண்டு. ஆனால் அவள் சொன்ன பிறகுதான் நான் சொல்வது முறை. அவளே எழுதுவாள். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

பாக்கியநாதன்


தென்காசி,
3.11.2024

பெஞ்சமின்,

சுகம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. ஆராதனை முடிந்து வந்து உட்கார்ந்தவள், இதை எழுதி முடிக்காமல் எழுந்திருக்கப் போவதில்லை.

அப்பா உனக்கு இடம் விட்டார்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஐந்தருவி ரோட்டு விடுதியில் பிறந்தநாள் ஜெபம் முடிந்ததும் வராந்தாவில் எல்லாரையும் நிறுத்தினோம். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். நான் போய் அவருக்குப் பின்னால் நின்றேன். அப்பா திரும்பிப் பார்த்து, "நீ கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளுளா" என்றார். சித்தியை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னார். அத்தான் கேமராவோடு, "யாருக்கு மாமா இடம்?" என்று கேட்டார். "யாருக்கா? வரவேண்டியவனுக்குத்தான்" என்றார். அத்தான் ஓர் ஆள் இடம் பார்த்து நிறுத்தினார். அப்பா எழுந்தே நின்றுவிட்டார். "மாப்ளே, ரெண்டு ஆளுக்கு விடுங்க. அந்தப் பிள்ளை நெருக்கத்துல சேலை கசங்கி நிக்கக் கூடாது." இதுதான் அவர் சொன்னது. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அப்புறம் என்னிடம், "அவனுக்கும் ஒண்ணு அனுப்பு. பாத்தாத் தெரிஞ்சுக்கிடுவான்" என்றார். அப்பாவுக்குப் போன் பண்ணத் தெரியாதா? தெரியும். பண்ணமாட்டார். உன்னை "வா" என்று கூப்பிட அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். அதை என் கையில் கொடுத்தார்.

நான் அந்த இடத்தை மூடினேன்.

மூன்று நாள் வேலை. நான் நின்ற பக்கத்தை முழுக்கப் பெயர்த்து எடுத்து நகர்த்திச் சித்தியோடு சேர்த்தேன். நடுவில் பின்னால் ஒரு பச்சை ஜன்னல் தெரிந்தது. இப்போது அந்த ஜன்னலை மறைத்துக்கொண்டு நான் நிற்கிறேன். அப்பா நாற்காலிக்கு நேர் பின்னால். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது, பெஞ்சமின். ஏன் செய்தாய் என்று நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அம்மா படுக்கையில் கிடந்தபோது நான் இருந்தேன். நீ போன பிறகு அப்பாவின் இரும்புக்கடை, ஆஸ்பத்திரி, மாத்திரை, கோபம் எல்லாவற்றுக்கும் நான் இருந்தேன். ஒருநாள் "நல்லா செய்தே" என்று அவர் வாயில் வந்ததில்லை. எட்டிப் பார்க்காதவனுக்கு எழுந்து நின்று இடம் கேட்கிறார். எனக்கு வயிறு எரிந்தது. எரிந்தது என்றுதான் எழுத வேண்டும், வேறு என்ன பேர் அதற்கு?

அத்தானுக்குத் தெரியும். "இது நல்லதுக்கில்ல எப்சி" என்றார். நான் கேட்கவில்லை. அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். இடம் இருந்த பக்கத்தில் விரலை வைத்து மெல்லத் தடவினார். சண்டை போடுவார் என்று நின்றேன். "வேலை சுத்தமா இருக்கு" என்றார். படத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். என் வேலையைப் பற்றி அவர் சொன்ன ஒரே வார்த்தை அது. பாராட்டினாரா, திட்டினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஊரில் எத்தனையோ பேருக்குச் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். அதெல்லாம் பொய் இல்லை என்று உன்னிடம் வாய் கிழியப் பேசினேன். நான் செய்த ஒரே பொய்ப் படம் உனக்கு அனுப்பியதுதான். நீ அதனால் வராமல் போனாய் என்று உன் கடிதம் பார்த்துத்தான் தெரியும். நீயாகவே மனசு வைக்கவில்லை என்று நினைத்து, இந்த இரண்டு வருஷமும் உன்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மன்னிக்கக் கேட்க எனக்கு முகமில்லை. ஆனால் கேட்கிறேன்.

எப்சிபா


நாக்பூர்,
22.11.2024

மதிப்புக்குரிய மதினிக்கு,

செண்பகவல்லி எழுதுகிறேன். வணக்கம். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அவர் டூட்டிக்குப் போகிறார், வருகிறார். கடிதத்தை என்னிடம் கொடுத்து, "படிச்சுக்க" என்று மட்டும் சொன்னார். கொஞ்ச நாள் ஆகும் மதினி. நீங்கள் பதிலுக்குக் காத்துக்கொண்டு சாப்பிடாமல் இருக்காதீர்கள்.

நான் எழுதுவது வேறு ஒன்று கேட்கத்தான். மாமா ரெண்டு ஆளுக்கு என்றுதான் சொன்னார்களா? நல்லா ஞாபகம் இருக்கிறதா? வாசுதேவநல்லூரில் எங்கள் அப்பா என்னைத் தலைமுழுகி எட்டு வருஷமாகிறது. அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை என்று இருந்தேன். மாமா என்னைப் பார்த்ததே இல்லை. என் சேலை கசங்கக் கூடாது என்று சொன்னார்களா?

உங்கள்மேல் எனக்குக் கோபம் வர வேண்டும் என்று முயற்சி பண்ணிப் பார்த்தேன். அந்த வார்த்தையை நீங்கள் எழுதாமலே விட்டிருந்தால் எனக்குத் தெரியவே போவதில்லை. "ஒரு ஆளுக்கு" என்று நீங்கள் எழுதியிருந்தாலும் நாங்கள் நம்பியிருப்போம். நீங்கள் குறைக்கவில்லை. அதை நினைத்தால் உங்கள்மேல் எனக்கு மரியாதைதான் வருகிறது.

மூடாத படம் இருந்தால் அனுப்புங்கள். அழித்திருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

செண்பகவல்லி


தென்காசி,
5.12.2024

அன்புள்ள செண்பகத்துக்கு,

நல்லா இருக்கிறாயா அம்மா? உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்குத்தான் ஒரு வாய் ஒழுங்காகச் சாப்பிட்டேன். அத்தான் தன் பங்கு முட்டையையும் என் தட்டில் போட்டார்.

ரெண்டு ஆளுக்குத்தான். அத்தானையும் கேட்டேன். "ரெண்டு விரலைக் காட்டிச் சொன்னாவ" என்கிறார். நீ நிம்மதியாக இரு.

அழிக்கவில்லை. அத்தான் கேமரா கார்டையே தனியாக எடுத்து வைத்திருந்தார், எனக்குத் தெரியாமல். அவர் உங்களிடம் சொல்ல வேண்டியிருந்த விஷயம் அதுதானாம். இத்தோடு இரண்டு படம் அனுப்புகிறேன். ஒன்று, அப்பா விட்ட இடத்தோடு இருப்பது. கைவைக்கவே இல்லை, கேமராவில் இருந்தபடி. மற்றது, நீங்கள் இருவரும் அந்த இடத்தில் நிற்பது. தம்பி அனுப்பிய படத்தில் நீ கட்டியிருந்த நீலச் சேலைதான். ஒரு சுருக்கம் வராமல் பார்த்திருக்கிறேன். ஓரத்தில் இல்லை, தூணுக்குப் பக்கத்தில் இல்லை, அப்பா நாற்காலிக்கு நேர் பின்னால். நான் தள்ளித்தான் நிற்கிறேன்.

எதை மாட்டுவது என்று நீங்கள் முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். எதையும் மாட்டாவிட்டாலும் நான் கேட்கமாட்டேன். தம்பியிடம் குளிருக்குக் காதைக் கட்டிக்கொண்டு போகச் சொல்.

அன்புடன்,
மதினி எப்சிபா


நாக்பூர்,
12.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். முழங்காலுக்கு இங்கே ஒரு தைலம் கிடைக்கிறது, வாங்கி வைத்திருக்கிறேன்.

உன்மேல் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் அதுவும் ஒரு பொய்ப் படம்தான். நவம்பரில் நான் போன் போட்டிருந்தால் என்னென்ன பேசியிருப்பேனோ, தெரியாது. எழுத ஆரம்பித்து நாலு தடவை கிழித்தேன். அப்பாவை இன்னொரு தடவை பார்த்திருக்கலாம், அக்கா. அது ஆறுகிற காரியம் இல்லை. உனக்கும் ஆறாது என்று தெரியும். மன்னிப்பு என்று நீ கேட்டது, கொடுத்தாகிவிட்டது. கோபம் போக இன்னும் கொஞ்ச நாள் எடுக்கும், அதையும் பொறுத்துக்கொள்.

ஒன்று சொல்ல வேண்டும். நீ மூடிய படத்தையும் மூடாத படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பார்த்தேன். தண்டவாளத்தில் மயிரிழை விரிசல் கண்டுபிடிக்கிற கண் எனக்கு. உன் தையல் எனக்குச் சிக்கவில்லை. அப்பாவும் அதைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அவர் இரும்புக்கடைக்காரர், நல்ல வேலையைப் பார்த்தால் எதிரி செய்திருந்தாலும் சொல்லிவிடுவார்.

இன்னொன்று. அப்பா உன்னிடம் "தள்ளு" என்று சொன்னதற்கு வயிறு எரிந்தாய். வராதவனுக்குத்தான் அக்கா இடம் விட வேண்டியிருக்கிறது. நீ எப்போதும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாய். உனக்கு யார் இடம் விடுவார்கள்?

எட்டாம் தேதி பிரதிஷ்டை முடிந்தது. நீயும் அத்தானும் வரவில்லை என்று எனக்கு வருத்தம். நான் கூப்பிடவில்லை என்று உனக்கு வருத்தம் இருக்கும். நம் வீட்டு ரத்தம் அப்படி. இதோ கூப்பிடுகிறேன். ஏப்ரல் லீவில் இரண்டு பேரும் வாருங்கள். ஈஸ்டருக்கு இங்கே இருக்கலாம்.

நாங்கள் நிற்கிற படம் அவ்வளவு அழகு. அன்றைக்கு நாங்கள் குற்றாலத்தில் இருந்தோமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நீலச் சேலையில் சாரல் ஈரம்கூடத் தெரிகிறது. அதைச் செண்பகம் தன் பீரோவில் சேலைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறாள், வேண்டும்போது எடுத்துப் பார்க்கிறாள். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக வாசுதேவநல்லூருக்கு ஒரு பிரதி அனுப்பப் போகிறாளாம்.

சுவரில் மாட்டியது மற்றது. கைவைக்காதது. பெரிதாகக் கண்ணாடி போட்டு மாட்டினோம். பிரதிஷ்டைக்கு வந்தவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று ஒரே கேள்விதான் கேட்டார்கள். பாஸ்டர்கூட, "நடுவில் ஏன் இவ்வளவு பெரிய இடைவெளி? படம் எடுத்தவருக்கு நிறுத்தத் தெரியவில்லையா?" என்றார். நான் வாயைத் திறக்குமுன் செண்பகம் சொல்லிவிட்டாள்.

"அதுல எங்க ரெண்டு பேரையும் மாமா நிக்க வச்சிருக்காங்க."

உன் தம்பி,
பெஞ்சமின்